வாரக் கணக்கு

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் தங்காது என்று பாட்டிமார் அடித்துச் சொல்வார்கள். இது நம்மூர் நம்பிக்கை மட்டுமல்ல. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் ஏடுகளில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றித் தனி நூலே உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகம் நம்பிவந்த இந்தக் கணக்கு தப்பு. கருப்பைக்குள் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குறைமாதக் குழந்தைக்கு லாபம்தான். ஏழு மாதத்தைவிட எட்டு மாதத்தில் பிறக்கும் குழந்தை பிழைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பாட்டிமார் ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தார்கள்: குழந்தையின் விதியில் பெரும்பங்கு, அது எப்போது பிறந்தது என்பதில் இருக்கிறது.

மருத்துவர்கள் மாதத்தை விட்டுவிட்டு வாரத்தில் எண்ணுகிறார்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரம், அதாவது 280 நாள், முழுக் கர்ப்பம். 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். 32 வாரத்துக்கு முன் என்றால் ஆபத்து கூடும். 28-க்கு முன் என்றால் ஒவ்வொரு நாளும் போராட்டம். 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படி நாளுக்கு முன்பே பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளைப் பொறுத்தவரை, உலக அளவில் சாவுக்கு முதல் காரணம் குறைப்பிரசவமும் அதன் சிக்கல்களும்தான்.

இந்தச் சாவுகளைக் குறைக்க என்ன செய்யலாம் என்று தேடிய பெரிய ஆய்வுகள் சில நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரிலும் பெலகாவியிலும் கொப்பளிலும் நடந்தவை. அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். என்ன மருந்து என்பதற்கு நிகரான கேள்வி, இது எத்தனையாவது வாரம் என்பது.

நாள் குறிப்பது யார்?

பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது தாயா, குழந்தையா? 1960-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரகாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் இதற்கு ஆடுகளிடம் விடை தேடினார். சினை ஆட்டின் வயிற்றிலிருக்கும் குட்டியின் பிட்யூட்டரி சுரப்பியை அழித்தால், நாள் கடந்தும் தாய் ஈனவில்லை. அதே குட்டிக்குக் கார்ட்டிசால் வகை ஹார்மோனைச் செலுத்தினால், நாளுக்கு முன்பே ஈன்றுவிட்டது. ஆட்டைப் பொறுத்தவரை நாள் குறிப்பது குட்டிதான் என்று தெரிந்தது.

மனிதர்களில் விஷயம் இவ்வளவு நேராக இல்லை. கர்ப்பம் முழுவதும் கருப்பைத் தசையை அடக்கி வைத்திருப்பது புரொஜெஸ்டிரோன் ஹார்மோன். ஆட்டுக்கு ஈற்று நெருங்கும்போது அது ரத்தத்தில் சரசரவெனச் சரிகிறது. பெண்ணுக்குச் சரிவதில்லை. ஹார்மோன் இருக்கிறது, தசைதான் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. அதுவரை தனித்தனியாகக் கிடந்த தசைச் செல்களுக்கு நடுவே புரதத்தாலான வாயில்கள் திறக்கின்றன. மின்தூண்டல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்ந்து, கருப்பை முழுவதும் ஒரே மூச்சில் சுருங்கத் தொடங்குகிறது. விறைப்பாக இருந்த கருப்பைவாய் இளகுகிறது.

இந்த ஏற்பாட்டில் நஞ்சுக்கொடிக்கும் பங்கு உண்டு. அது சுரக்கும் சி.ஆர்.எச். என்ற ஹார்மோன், குறைப்பிரசவம் ஆகப்போகும் பெண்களுக்கு மற்றவர்களைவிட முன்பாகவே உயர்ந்திருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1995-இல் கண்டார்கள். தொற்று வந்தாலும் அவசரம் பிறக்கும்: கிருமியை எதிர்க்கத் திரளும் உடலே புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, வலியைக் கிளப்பிவிடுகிறது. எரிச்சலோ கடுப்போ இல்லாமல் ஒளிந்திருக்கும் சிறுநீர்த் தொற்றுகூட ஆபத்தைக் கூட்டும் என்பதால்தான் கர்ப்பிணிக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். இரட்டைக் குழந்தை, குட்டையான கருப்பைவாய், முன்பு ஒருமுறை குறைப்பிரசவம் ஆனது ஆகியவையும் காரணமாகலாம். ஆனால் எந்தக் காரணமும் பிடிபடாமல் வலி வரும் பெண்கள் ஏராளம்.

வலி வந்துவிட்டால் அதை நிறுத்தி வைக்கும் மருந்து ஏதும் வலுவாக இல்லை. பி.பி.க்குக் கொடுக்கும் நிஃபெடிபின் மாத்திரை சுருக்கத்தைத் தணித்து, பெரும்பாலும் ஓரிரு நாள் அவகாசம் வாங்கித் தரும். அந்த இரண்டு நாளில் என்ன செய்ய முடியும் என்பதற்கு விடை தந்ததும் அதே ஆட்டுக் கொட்டில்தான்.

மூச்சு விட்ட குட்டி

ஹார்மோன் செலுத்திய குட்டிகளில் ஒன்று மிக முன்னதாகப் பிறந்தது. அந்த வயதில் நுரையீரல் விரியாது. பிறந்ததும் செத்திருக்க வேண்டும். அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. லிகின்ஸ் அதன் நுரையீரலைப் பார்த்தபோது ஒரு பகுதி காற்றால் விரிந்திருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. பிரசவத்தை முன்னே இழுக்கும் ஹார்மோன், நுரையீரலையும் முன்னதாகவே முதிர வைக்கிறது.

நுரையீரல் என்பது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகள். அவற்றின் உட்சுவரில் எப்போதும் ஈரம். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கஷ்டமோ, அப்படித்தான் அந்த ஈரம் சுவர்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். அதைத் தளர்த்த, காற்றறைச் செல்கள் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பூச்சைச் சுரக்கின்றன. அதன் பெயர் சர்ஃபேக்டன்ட். போதுமான அளவு அது சேர்வது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில். அதற்குள் பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சைப் போலவே பாடு. சில மணி நேரத்தில் களைத்துவிடும். மூச்சுத் திணறி இறக்கும் குறைமாதக் குழந்தைகளிடம் இல்லாமல் போனது இந்தப் பூச்சுதான் என்று அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி 1959-இல் காட்டினார். ஆனாலும் கையில் மருந்தில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த ஆண் குழந்தை, இரண்டே நாளில் இதே சிக்கலால் இறந்தது.

லிகின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹவியும் ஆட்டில் கண்டதைத் தாய்மார்களிடம் சோதித்து, 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். குறைப்பிரசவ வலியில் வந்த பெண்ணுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து, ஒன்றிரண்டு நாளில் நுரையீரலைத் தயார்ப்படுத்திவிடும். இவ்வளவு மலிவான மருந்து உலகெங்கும் வழக்கத்துக்கு வர மேலும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பார்த்தால் சில கிடைக்கோடுகள் தெரியும். அவை இந்த ஊசியைப் பற்றிய ஆய்வு முடிவுகளின் வரைபடம்தான்.

பெலகாவி தந்த பாடம்

பணக்கார நாடுகளில் பலித்த ஊசியைக் கிராமங்களுக்கும் கொண்டுபோனால் லட்சக்கணக்கான உயிர் தப்புமே என்று எண்ணி, ஆறு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கர்நாடகத்தின் பெலகாவியும் மகாராஷ்டிரத்தின் நாக்பூரும் அதில் இருந்தன. ஏறக்குறைய ஒரு லட்சம் பிரசவங்கள். 2015-இல் அச்சான முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில் குழந்தைச் சாவு குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. தாய்மார்களுக்குத் தொற்றும் அதிகமாகத் தெரிந்தது.

மருந்து அதே மருந்துதான். ஆனால் கிராமத்தில் பல பெண்களுக்குத் தேதி சரியாகத் தெரியாது, ஸ்கேனும் இல்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்தவை அந்த ஊசி தேவைப்படும் அளவுக்குச் சிறிய குழந்தைகளே அல்ல.

அந்த முடிவோடு விட்டுவிடாமல், உலக சுகாதார நிறுவனம் ஆய்வை வேறு விதமாக வகுத்து மறுபடி நடத்தியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகள். அந்த வலையிலும் பெலகாவியின் ஜே.என். மருத்துவக் கல்லூரி சேர்ந்திருந்தது. இம்முறை ஸ்கேன் மூலம் வாரம் உறுதியானவர்கள் மட்டும், 26 வாரம் முதல் 34 நிறைவதற்குள், சீக்கிரமே பிரசவம் ஆகும் நிலையில் இருந்த 2,852 பெண்கள். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பிறந்து 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள், வெற்று ஊசி பெற்ற குழுவில் 23.5 விழுக்காடு, மருந்து பெற்ற குழுவில் 19.6 விழுக்காடு. 25 தாய்மார்களுக்குப் போட்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கும். தாய்க்குத் தொற்றும் கூடவில்லை. பலன் ஐயமற்றுத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்து, 2020-இல் வெளியிட்டார்கள்.

மருந்து மாறவில்லை. மாறியது வாரக் கணக்கும், பிறகு கவனிக்க ஆள் இருக்கும் மருத்துவமனையும்.

மூன்று மாத்திரையா, ஒன்றா?

எல்லாக் குறைப்பிரசவமும் வலியில் தொடங்குவதில்லை. தாயைக் காப்பாற்ற மருத்துவரே முன்கூட்டிக் குழந்தையை எடுக்க நேரும் கட்டங்கள் உண்டு. அதற்கு முக்கியமான காரணம் கர்ப்பகால ரத்த அழுத்தத்தின் கொடிய வடிவமான ப்ரீஎக்ளாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரும். சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும்.

இதன் வேர் கர்ப்பத்தின் முதல் பாதியில் இருக்கிறது. நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்கிருக்கும் குறுகலான ரத்தக் குழாய்களை அகலப்படுத்த வேண்டும். அந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அப்போது அது தாயின் ரத்தத்தில் ஒரு புரதத்தை அதிகமாக விடுகிறது. அது தாயின் ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அந்தப் புரதத்தை 2003-இல் அடையாளம் காட்டிய அமெரிக்கக் குழுவை நடத்தியவர் அனந்த் கருமஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதன் அளவைப் பார்த்து நோய் கடுமையாகுமா என்று கணிக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 2023-இல் அனுமதி தந்தது. ஆனால் நோயை முற்றாகத் தீர்க்க இன்றைக்கும் ஒரே வழி, பிரசவம். குழந்தைக்கு 30 வாரம்தான் என்றால் தாயா சேயா என்ற தராசு மருத்துவர் கையில் வந்து சேர்கிறது.

தடுக்க முடியுமா? ஒரு தடயம் குவாதமாலாவில் கிடைத்தது. அங்கே ஏழை மாயன் பெண்களுக்குக் கர்ப்பகாலக் கவனிப்பு குறைவு. ஆனாலும் இந்த நோய் அபூர்வமாகவே வந்தது. அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து வேகவைத்து உண்பவர்கள். அந்தச் சுண்ணாம்பின் கால்சியம்தான் காப்பாற்றுகிறதோ என்று 1980-இல் ஹோசே பெலிசான் என்ற அர்ஜென்டினா மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளரும் கேட்டார்கள். பிறகு வந்த சோதனைகள், உணவில் கால்சியம் குறைவாக உள்ள பெண்களுக்கு மாத்திரை கொடுத்தால் நோய் பாதிக்குப் பாதி குறையலாம் என்று காட்டின. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் அதை ஈடுகட்டச் சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவற்றால் ரத்தக் குழாய்த் தசை இறுகுகிறது என்பது விளக்கம்.

உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு நாளுக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம். அதாவது மூன்று, நான்கு மாத்திரை. கால்சியம் இரும்புச் சத்தை உடல் உறிஞ்ச விடாது என்பதால், இரும்பு மாத்திரையை வேறு நேரத்தில் போட வேண்டும். வாந்தியோடு போராடும் பெண்ணுக்கு நாள் முழுக்க மாத்திரை நேரம்தான். அரசுக்கு அதை வாங்கி அடுக்குவதும் பெருஞ்செலவு. அப்படியானால் ஒரு மாத்திரை போதாதா?

இதைக் கேட்டது பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம். அதே கேள்வியோடு தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலும் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு ஊரிலும் தலா 11,000 பெண்கள், எல்லோருக்கும் முதல் பிரசவம். எல்லோருமே நாளுக்கு மூன்று மாத்திரை விழுங்கினார்கள். ஒரு பாதிப் பேருக்கு மூன்றும் கால்சியம். மறுபாதிக்கு ஒன்று கால்சியம், இரண்டு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது.

2024 ஜனவரியில் வெளியான முடிவு இது: பெங்களூரில் 500 மில்லிகிராம் எடுத்தவர்களில் 3.0 விழுக்காட்டினருக்கும், 1,500 எடுத்தவர்களில் 3.6 விழுக்காட்டினருக்கும் ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தது. குறைப்பிரசவம் முறையே 11.4, 12.8 விழுக்காடு. ஒரு மாத்திரை மூன்றுக்குச் சளைத்ததல்ல. தான்சானியாவில் நோயைப் பொறுத்தவரை இதே முடிவு; குறைப்பிரசவத்தில் மட்டும் அவ்வளவு திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மாதாமாதம் கண்காணித்து, மாத்திரை கொடுத்து, அக்கறையோடு பார்த்த பெண்களிடமே எட்டு ஒன்பது பிரசவத்துக்கு ஒன்று நாளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

பழைய மைசூர்ப் பகுதியின் ராகி முத்தையும், கிருஷ்ணகிரி தர்மபுரிப் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் இங்கே நினைவுக்கு வரலாம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் பத்துகூட இராது. கேழ்வரகில் உள்ளதை எல்லாம் குடல் எடுத்துக்கொள்ளாது என்பதால் களி மாத்திரைக்கு மாற்றல்ல, துணை. இந்திய அரசின் வழிகாட்டுதல் இரண்டு 500 மில்லிகிராம் மாத்திரை. கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

பிறந்த பிறகு

குறைமாதக் குழந்தையின் முதல் எதிரி குளிர். உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு கடைசி மாதங்களில்தான் சேர்கிறது. தோல் மெல்லிசு; சூடு நிற்காது. உடல்வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குழந்தை தன் சக்தியை எல்லாம் சூட்டுக்கே செலவழித்து, எடை கூடாமல் சோர்ந்துவிடும். இதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். பெங்களூரில் ராதுல் நரேன் தொடங்கிய பெம்பு நிறுவனம் இதற்கு ஒரு கைப்பட்டை செய்தது. குழந்தையின் மணிக்கட்டில் கட்டினால், சூடு சரியாக இருக்கும்வரை நீல விளக்கு மினுக்கும். குறைந்தால் ஆரஞ்சு விளக்கு எரிந்து ஒலி எழுப்பும். மின்கலம் நான்கு வாரம் வரும். 2017-இன் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் டைம் இதழ் இதைச் சேர்த்தது.

ஒலி கேட்டதும் தாய் செய்ய வேண்டியது, குழந்தையைத் தன் மார்போடு தோலில் தோல் படச் சேர்த்துக்கொள்வது. இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. கங்காரு தாய் பராமரிப்பு என்று பெயர். குழந்தை நிலைப்படும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தொடங்கினால் என்ன? டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து பார்த்தன. 2021-இல் வந்த முடிவில் குழந்தைச் சாவு 15.7-இலிருந்து 12.0 விழுக்காடாக இறங்கியிருந்தது. கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டம் முழுவதிலும், அரசு மருத்துவமனையிலிருந்து வீடு வரை, இந்த முறையை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று செயின்ட் ஜான்ஸ் நிறுவனம் அரசோடு சேர்ந்து செய்துகாட்டியது. பால் ஊறாத தாயின் குழந்தைக்காக, பெங்களூர் கோட்டைப் பகுதியின் வாணிவிலாஸ் அரசு மருத்துவமனையில் 2022-இல் தாய்ப்பால் வங்கி வந்தது.

வீட்டில் இருக்க வேண்டிய கணக்கு

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, சரியான தேதி. முதல் மூன்று மாதத்தில் எல்லா நாட்டுக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. அப்போது எடுக்கும் ஸ்கேன் சில நாள் பிழையோடு வாரத்தைச் சொல்லிவிடும். கடைசி மூன்று மாதத்தில் எடுத்தால் பிழை இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். 32 வாரம் என்று நினைத்தது 35 ஆக இருக்கும், 35 என்று நினைத்தது 32 ஆக இருக்கும். தாமதமாக வரும் இந்தியப் பெண்களுக்கென்றே தனிக் கணக்கீட்டு முறை ஒன்றை, குருகிராம் கர்ப்பிணிகளின் ஸ்கேன் தரவைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாத் ஆய்வு நிறுவனமும் உருவாக்கி 2024-இல் அறிவித்தன.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று சேலத்துக்கும் வேலூருக்கும் பஸ் ஏறுவது, ஸ்டீராய்டு ஊசியும் ஐ.சி.யூ.வும் அதிகம் பயன்படும் வாரங்களில்தான். கர்நாடக அரசு கர்ப்பிணிக்குத் தரும் தாயி கார்டு பெங்களூர் கோரமங்கலாவில், முதல் ஸ்கேன் அலமாரியில், பெண் மட்டும் ஊரில் என்றால், நள்ளிரவில் பார்க்கும் மருத்துவருக்கு வாரம் தெரியாது. போகிற ஊரில் குறைமாதக் குழந்தைக்கு ஐ.சி.யூ. எங்கே இருக்கிறது என்பதையும் போகும் முன்பே விசாரித்து வையுங்கள்.

இன்னொன்று, சூட்டு வலி. அடிவயிறு இழுத்துப் பிடித்தால் சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொள்ளச் சொல்வது வீட்டுப் பழக்கம். 37 வாரத்துக்கு முன் வயிறு கல்போல இறுகி இறுகி விட்டால், நீர் கசிந்தால், ரத்தம் பட்டால், முதுகு விட்டு விட்டு வலித்தால், தலைவலியோடு கண் மங்கினால், குழந்தையின் அசைவு குறைந்தால், கஷாயம் வைக்கும் நேரமல்ல அது. 108-ஐக் கூப்பிடுங்கள், பொய் வலிதான் என்றால் மருத்துவர் பார்த்துச் சொல்லித் திருப்பி அனுப்பட்டும். நான்கு ஊசியும் முழுதாய் இறங்க ஒன்றரை நாள் ஆகும். வீட்டில் காத்திருந்து கழித்த இரவு, அந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

முதல் ஸ்கேன் சொன்ன தேதியைக் கர்ப்பிணியின் செல்போனில், கணவர் செல்போனில், தாய்வீட்டுக் காலண்டரில், மூன்று இடத்தில் எழுதி வையுங்கள். செலவில்லாத காரியம்; இன்றே செய்யலாம்.